குளிக்காத மசூதின் விசிட்டிங் கார்டு

தென்காசியில் பள்ளிவாசலுக்குப் பின்னால் போகிற தெருவில் மொத்தம் ஐந்து மசூதுகள். கைக்கடிகாரம் பழுது பார்த்தவரின் மகன் கடிகார மசூது. டிராக்டர் வாங்கி ஒரே மாதத்தில் விற்றவர் டிராக்டர் மசூது. வண்டி போய் எத்தனையோ வருஷமாகியும் பேரில் இருந்து அது இறங்கவில்லை. பேருந்து நிலையத்தில் ஒரு வக்கீலின் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டவர் வக்கீல் மசூது. பெரிய வீட்டு மசூது சின்ன வாடகை வீட்டில் இருக்கிறார். ஐந்தாவது ஆள்தான் இந்தக் கதைக்கு உரியவர். குளிக்காத மசூது.

அவர் பேரில் ஒரு நியாயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர் குளிப்பவர். காலையில் ஒரு தடவை, அந்தி சாய்ந்ததும் ஒரு தடவை, ஆவி பறக்கும் வெந்நீரில், வாசனை சோப்புப் போட்டுக் குளிப்பவர். அந்தத் தெருவில் அவரைவிடச் சுத்தமான ஆள் கிடையாது. ஆனால் பட்டப்பேர் என்பது ஒரு மனிதன் தினமும் செய்வதைப் பார்த்து வைப்பதில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் செய்ததைப் பார்த்து வைப்பது.

அந்த ஒரு நாள் அவருடைய பத்தொன்பதாவது வயதில் வந்தது. ஷார்ஜாவுக்கு விசா வந்திருந்தது. "அங்கன பாலைவனம்லே, தண்ணியப் பாத்துட்டுப் போ" என்று கூட்டாளிகள் ஐந்தருவிக்குக் கூட்டிப் போனார்கள். எண்ணெய் தேய்ப்பவர் அவரைப் பலகையில் குப்புறப் போட்டு உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை அடித்துத் தேய்த்துவிட்டார். மசூது எழுந்து அருவிப் பக்கம் போனார். கால் கட்டைவிரலைத் தண்ணீரில் வைத்தார். எடுத்தார். "எனக்கு வேண்டாம்லே" என்றார். ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து இழுத்தார்கள். அவர் இரும்புக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் எண்ணெய் மேலேயே சட்டையை மாட்டிக்கொண்டு, தனியாக பஸ் ஏறி ஊர் வந்து சேர்ந்தார். அவர் உட்கார்ந்த சீட்டில் அந்த சீசன் முடிகிறவரை யாரும் உட்காரவில்லை என்று ஒரு பேச்சு உண்டு. அவர் வீட்டு வாசலை மிதிப்பதற்கு முன்பே பேர் வந்து அங்கே காத்திருந்தது. சாரல் விழுகிற ஊரில் பிறந்தவன் அருவிக்குப் பயந்தால் மன்னிப்பு கிடையாது.

இருபத்துநாலு வருஷம் ஷார்ஜாவில் ஒரு ஹோட்டலின் அடித்தளத்தில், வெந்நீர் காய்ச்சுகிற இயந்திரங்களுக்கு நடுவே வேலை பார்த்தார். அங்கே அவர் மிஸ்டர் மசூது. மானேஜர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம், தென்காசி ரயில் நிலையத்தில் பெட்டியை இறக்கியதுமே ஆட்டோக்காரர் கேட்பார்: "குளிக்காதவர் வீட்டுக்குத்தானே?" அத்துடன் மிஸ்டர் கழன்றுவிடும். மாமியார் மவுத்தானபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில், "குளிக்காத மசூது அவர்களின் மாமியார் வஃபாத்தாகிவிட்டார்கள்" என்று அறிவித்தார்கள். அப்படிச் சொன்னால்தானே எந்த மசூதின் மாமியார் என்று ஊருக்கு விளங்கும். துக்கத்திலும் மசூதுக்குச் சுருக்கென்றது. மனைவி ஹைருன் பீவி குளிக்காதவர் வீட்டம்மா. மகள் ஜுஹைனா பள்ளிக்கூடத்தில் படித்த வருஷங்களெல்லாம் குளிக்காத வீட்டுப் புள்ள. அவள் கிளாசிலேயே முதலில் குளித்துவிட்டு வருகிறவள் அவள்தான்.

போன வருஷம் அவர் ஷார்ஜாவுக்கு முழுக்குப் போட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டார். தெரிந்த தொழிலையே செய்வதாகத் திட்டம். குற்றாலத்தில் லாட்ஜுகள் முளைத்துக்கொண்டே இருக்கின்றன. அருவியில் நின்று நடுங்கி வருகிறவன் அறைக்கு வந்ததும் முதலில் கேட்பது வெந்நீர். சூரிய ஒளியில் காயும் தொட்டியை நிறையப் பேர் மாட்டி வைத்திருந்தார்கள். வெயில் அடிக்கும்போது அது நன்றாக வேலை செய்யும். வெயில் அடிக்கும்போது குற்றாலத்துக்கு யாரும் வருவதில்லை. சாரல் மாதங்களிலும் காற்றில் இருக்கும் சூட்டை எடுத்துத் தண்ணீரைக் காய்ச்சுகிற ஹீட் பம்ப் இயந்திரத்தை மசூது மாட்டிக் கொடுப்பார். நல்ல யோசனைதான். வாங்கத்தான் ஆள் வரவில்லை. சின்னச் சின்ன ரிப்பேர் வேலைகள் வந்தன. அதையும் அவர், "நம்ம கன்சல்டன்சி பண்ணுதோம்" என்று சொல்லித் தட்டிக் கழித்தார்.

ஷார்ஜாவில் இருக்கும் மச்சான் ஹுஸைஃபா இன்னொரு விசாவுக்கு ஏற்பாடு பண்ணி வைத்திருந்தார். சீசன் முடிவதற்குள் வருகிறாரா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும். மசூதுக்குப் போக இஷ்டமில்லை. மறுபடி அந்த அடித்தளத்தில் இறங்கினால், மேலே வரும்போது தலை முழுக்க நரைத்திருக்கும்.

"ஏங்க, ஹுஸைஃபா போன் பண்ணான்" என்பார் ஹைருன் பீவி.

"என்ன சொன்னே?"

"அவரு சி.இ.ஓ.வா இருக்காரு, நேரம் கிடைச்சா பேசுவாருன்னு சொன்னேன்."

புருஷன் ஊரோடு இருப்பது ஹைருன் பீவிக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனாலும் பகல் முழுக்க ஒரு ஆம்பிளை வீட்டில் உட்கார்ந்துகொண்டு மிக்ஸி சத்தத்துக்கு முகம் சுளிப்பதை எத்தனை நாள் பொறுக்க முடியும்.

இந்தச் சமயத்தில்தான் அவர் பொதிகைச் சாரல் தொழில் வட்டத்தில் சேர்ந்தார். புதன்கிழமைதோறும் காலையில் ஒரு ஹோட்டல் மாடியில், ஏ.சி. ஹாலில் கூடுவார்கள். இட்லி, வடை, பொங்கல், அதன்பின் தொழில் வளர்ச்சி. கல்யாண மண்டபம் வைத்திருப்பவர், பல் டாக்டர், அலுமினியக் கதவு போடுபவர், பூச்செடி விற்பவர், இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்று ஒரு தொழிலுக்கு ஒருவர்தான் உறுப்பினர். வேலையாள் யாரும் கிடையாது, எல்லோரும் நிறுவனர்கள். கூட்டம் தொடங்கியதும் ஆளாளுக்கு எழுந்து, தங்களைப் பற்றி ஏற்கெனவே அறிந்தவர்களிடம் தங்களை அறிமுகம் செய்துகொள்வார்கள். பிறகு கார்டுகளை மாற்றிக்கொள்வார்கள். அடுத்த புதனும் மாற்றிக்கொள்வார்கள். ஜுஹைனா புத்தகத்துக்கு அடையாளம் வைப்பதற்கே இன்சூரன்ஸ் ஏஜென்டின் கார்டு போதும் போதும் என்கிற அளவுக்கு வீட்டில் சேர்ந்துவிட்டது. இந்த வட்டத்தால் உண்மையிலேயே தொழில் வளர்ந்தவர் ஒருவர் உண்டு. வட்டத்தின் செயலாளர் தாணுமாலயன். அவர் அச்சகம் வைத்திருக்கிறார். எல்லோருக்கும் கார்டு அடிப்பது அவர்தான்.

ஒரு புதனன்று கோயம்புத்தூரிலிருந்து பயிற்சியாளர் ஒருவர் வந்தார். கோட்டுப் போட்டிருந்தார்.

"உங்க கார்டு வெறும் அட்டை இல்லை. அது உங்க முகம்" என்றார். "ரெண்டு கையாலயும் கொடுங்க. ரெண்டு கையாலயும் வாங்குங்க. வாங்கினதும் படிங்க. ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்க. தயவு செஞ்சு பின் பாக்கெட்ல வைக்காதீங்க. நீங்க உட்காரும்போது எது மேல உட்கார்றீங்க? அவரோட முகத்து மேல."

பல் டாக்டர் மெதுவாக எழுந்து, பின் பாக்கெட்டில் இருந்த பூச்செடிக்காரரின் முகத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மசூதுக்கு அந்த வார்த்தை மனசில் ஒட்டிக்கொண்டது. முகம். இத்தனை வருஷமாக ஊர் அவருக்கு மாட்டிவிட்ட முகத்தோடுதான் நடமாடியிருக்கிறார். ஒரு அட்டை போதும், அதைக் கழற்றி வீசிவிடலாம். அன்றைக்கே தாணுமாலயனின் அச்சகத்துக்குப் போனார்.

"பேரு எப்படிப் போடணும்?" என்றார் தாணுமாலயன், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடி.

"எம். எஸ். மசூது. அவ்வளவுதான். முன்னாடியும் பின்னாடியும் ஒண்ணும் கிடையாது."

தாணுமாலயன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அடையாளத்துக்கு ஒரு வார்த்தை, சின்ன எழுத்துல..."

"அண்ணாச்சி."

"சரி வே. கல்யாணப் பத்திரிகையில போடுவாங்கள்லா, அதான் கேட்டேன்."

"இது என்ன கல்யாணப் பத்திரிகையா?"

"இல்ல. அதுல வாரவனுக்கு வீடு தெரியணும். இதுல தெரியாண்டாம் போல." அவர் தட்டச்சு செய்தார். "பதவி என்ன? ப்ரொப்ரைட்டரா?"

"அது பலசரக்குக் கடைக்காரங்க போடுதது."

"சி.இ.ஓ.?"

"பூச்செடிக்காரரு போட்டிருக்காருல்லா?"

"அவரு சி.இ.ஓ. மட்டும்தான். உமக்கு ஃபவுண்டர் அண்ட் சி.இ.ஓ.ன்னு போடுவோம். கம்பெனி பேரு?"

மசூது ஒரு தாளை நீட்டினார். தெர்மோசாரல் குளோபல் சொல்யூஷன்ஸ். அதன் கீழே, தெர்மல் கம்ஃபோர்ட் கன்சல்டன்ட்ஸ். அதன் கீழே, ஷார்ஜா – தென்காசி. கார்ப்பரேட் அலுவலகம் என்று போட்டு, வீட்டுக் கதவு எண்ணும் தெருவும், இரண்டாம் தளம்.

"உம்ம வீட்டுக்கு ஒரு மாடிதானே?"

"தண்ணி டேங்க் பக்கத்துல ஒரு ஷெட் போட்டிருக்கேன்."

"வெந்நீர்னு எங்கயாவது ஒரு வார்த்தை போடணுமா வே?"

"சொல்யூஷன்ஸ்னு இருக்குல்லா அண்ணாச்சி. அதுலயே எல்லாம் வந்துரும்."

படமும் எடுத்தார்கள். அச்சகத்தில் ஆணியில் தொங்கும் பொதுக் கோட்டு ஒன்று உண்டு. வட்டத்து உறுப்பினர் எல்லோரும் கார்டில் போட்டிருப்பது அதைத்தான். பிறகு கம்ப்யூட்டரில் தாணுமாலயன் மசூதின் கன்னத்தை வெளுத்தார், நெற்றியை மினுக்கினார், மூக்கருகே இருந்த மருவை எடுத்தார். "காசு வேண்டாம், இது சர்வீஸ்" என்றார். ஆயிரம் கார்டுகள் பெட்டியில் வந்து இறங்கின. பின்பக்கம் முழுக்க உலக உருண்டை.

கல்லூரியிலிருந்து வந்த ஜுஹைனா ஒன்றை எடுத்துப் பார்த்தாள். "வாப்பா, நீங்க என்ன விக்கீங்கன்னே இதுல இல்லையே?"

"பாத்த உடனே தெரிஞ்சிட்டா பேச என்ன இருக்கு? ஆர்வத்தத் தூண்டணும்."

"இந்தப் படத்துல யாரு?"

"நான்தான்."

"கோட்டு?"

"அச்சகத்துக் கோட்டு."

"முகம்?"

மசூது பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு இரண்டாம் தளத்துக்குப் போய்விட்டார்.

ஆடி பிறந்து சாரல் நன்றாக விழுந்த வாரத்தில், தொழில் வட்டம் குற்றாலத்துக்கே போய் ஒரு கூட்டம் நடத்துவது என்று முடிவு செய்தது. அருவிச் சங்கமம் என்று பேனர்கூட அடித்துவிட்டார் தாணுமாலயன். எண்ணெய்க் குளியல், மதியம் பிரியாணி, இடையில் தொழில் தொடர்பு வளர்ப்பது. ஒவ்வொருவரும் ஒரு புது ஆளைக் கூட்டி வர வேண்டும். எல்லாவற்றையும் யோசித்தவர்கள் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. அருவியில் துண்டோடு நிற்கும் மனிதனுக்குப் பாக்கெட் கிடையாது.

கார்டுகளைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுத் துண்டு மடிப்பில் செருகிப் பார்த்தார்கள். எண்ணெய்க் கையால் உறை வழுக்கியது. அலுமினியக் கதவுக்காரர் முறைப்படி இரண்டு கையாலும் கார்டை நீட்டப் போய், துண்டு அவிழ்ந்து, ஒரு கையை அவசரமாகத் திரும்ப எடுத்துக்கொண்டார். இன்சூரன்ஸ் ஏஜென்ட் கரையில் வைத்த பையிலிருந்து ஒரு குரங்கு கார்டுக் கட்டை எடுத்தது. ஒன்றை உருவி, முகர்ந்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத் தூக்கி எறிந்தது. அந்த வட்டத்தில் ஒரு கார்டை உண்மையிலேயே படித்துப் பார்த்து அபிப்பிராயம் சொன்னது அது ஒன்றுதான்.

இஸ்திரி போட்ட சட்டை, ஷூ, சட்டைப் பையில் நனையாத கார்டுகளுடன் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றவர் மசூது மட்டும். அவர்தான் குளிக்க மாட்டாரே. பக்கத்தில் இன்னொருவரும் சட்டையோடு நின்றார். ஒட்ட வெட்டிய நரைமுடி, முறுக்கிய மீசை, ஒரு கண்ணை மட்டும் மறைக்கிற, முகத்துக்குப் பொருந்தாத பெரிய கறுப்புக் கண்ணாடி. தாணுமாலயன் கூட்டி வந்த விருந்தாளி. பேர் சுந்தரபாண்டியன், சிவகிரிக்காரர், இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"கண்புரை ஆபரேசன்" என்றார் அவர். "தலையில தண்ணி படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீங்க ஏன் குளிக்கல?"

"கொஞ்சம் சளி சார்" என்றார் மசூது. இருபத்தைந்து வருஷமாக இருக்கிற சளி.

பேச்சு வளர்ந்தது. சுந்தரபாண்டியன் மேலகரம் பக்கம் லாட்ஜ் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார். நாற்பது அறை. எல்லா அறைக்கும் வெந்நீர் வேண்டும். சாரல் நேரத்தில் ஏமாற்றாத ஏற்பாடாக இருக்க வேண்டும். மசூது மனசுக்குள் கணக்குப் போட்டார். அந்த ஒரு வேலை போதும். மச்சானுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடலாம். காற்றிலிருந்து சூடு எடுப்பது, தொட்டி, குழாய் என்று எல்லாவற்றையும் நிதானமாக எடுத்துச் சொன்னார். பிறகு இரண்டு கையாலும் கார்டை நீட்டினார்.

சுந்தரபாண்டியன் அதை நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். படத்தைப் பார்த்தார். மசூதைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"சந்தோசம் பாய். விசாரிச்சுட்டுச் சொல்லுதேன்."

விசாரிப்பது என்றால் போன் பண்ணிக் கேட்பது என்று மசூது நினைத்துக்கொண்டார். காவல்துறையில் இருந்தவர் வாயில் அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று அவருக்குத் தோன்றவில்லை.

மூன்று நாள் கழித்து, அஸர் தொழுதுவிட்டு வந்த மசூதைத் தெருமுனை டீக்கடைக்காரர் சுடலைராஜ் கையைத் தட்டிக் கூப்பிட்டார். முகம் பூராவும் பெருமை.

"பாய், இங்கன வாரும். ஒரு பெரிய வில்லங்கம் வந்து, நான்லா தடுத்து விட்டிருக்கேன்."

"என்னது?"

"மத்தியானம் ஒருத்தன் புல்லட்டுல வந்தான். போலீஸ் முடி, பிரவுன் ஷூ. ஒரு கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டு மறைச்சிருந்தான், நமக்குத் தெரியாதாங்கும். டீயக் குடிச்சுக்கிட்டே ஒரு அட்டைய நீட்டுதான். எம். எஸ். மசூது யாரு, ஆளு எப்படின்னு கேக்கான்."

வந்தது யார் என்று மசூதுக்குப் புரிந்துவிட்டது. "நீ என்ன சொன்னே?"

"நான் விடுவேனா? அப்படி ஒரு ஆளே இந்தத் தெருவுல கிடையாதுன்னுட்டேன்."

இங்கே அந்தத் தெருவின் சட்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அது எங்கேயும் எழுதப்பட்டதில்லை. ஆனால் பள்ளிவாசல் தெருவில் கைக்குழந்தைக்கும் தெரியும். வளைகுடாவில் ஆள் இருக்கும் வீடுகள் நிறைந்த தெரு அது. வேண்டியவர்கள் வந்தால் பட்டப்பேர் சொல்லித்தான் கேட்பார்கள். பாஸ்போர்ட்டில் இருக்கும் பேரைச் சொல்லிக் கேட்கிறவன் போலீஸ்காரனாகவோ கோர்ட்டு ஆளாகவோ வருமானவரிக்காரனாகவோதான் இருப்பான். அதனால் முழுப்பேர் சொல்லி யார் விசாரித்தாலும் பதில் ஒன்றுதான்: அப்படி யாரும் இங்கே இல்லை. யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. தும்மல் மாதிரி தானாக வரும்.

"ஆளு சாமானியத்துல நம்பல பாய்" என்று சுடலைராஜ் தொடர்ந்தார். "டிராக்டர் மசூதக் கேட்டான். அவரு, 'நானே இந்த ஊருக்குப் புதுசு'ன்னுட்டாரு. வக்கீல் மசூதக் கேட்டான். அவரு, 'என் பேரு மசூதே இல்ல'ன்னுட்டாரு. படத்தக் காட்டுனான். அந்தப் படத்துல இருக்கவன மெய்யாவே எனக்கு யாருன்னு தெரியல, அதனால சத்தியம் பண்ணவும் சுளுவா இருந்துச்சு. கடேசில உம்ம வீட்டுக் கதவையே போய்த் தட்டிட்டான்."

மசூது வீட்டுக்கு ஓடினார். ஹைருன் பீவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"யாராச்சும் வந்தாங்களா?"

"வந்தான் ஒருத்தன். கதவப் பாதி திறந்து ஷூவப் பாத்தேன், விளங்கிருச்சு. இங்க குளோபல் கம்பெனி எங்க இருக்குன்னு கேக்கான். கம்பெனியும் கிடையாது, பம்பெனியும் கிடையாது, இது வீடுன்னேன். ரெண்டாம் தளம் எங்கன்னான். அங்கன கோழிதான் கிடக்குன்னேன். உங்க வீட்டுக்காரரு எங்கன்னான்."

"என்ன சொன்னே?"

"ஷார்ஜாவுல இருக்காருன்னேன்."

மசூது கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். ஊர் முழுக்கச் சேர்ந்து, பிரியத்தோடும் சாமர்த்தியத்தோடும், அவர் கையில் இருந்த ஒரே வேலையைத் தட்டிவிட்டிருந்தது. ஒருத்தரைக்கூடக் குறை சொல்ல வழியில்லை. வேறு யாரையாவது தேடி ஒருவன் அவரிடம் வந்து கேட்டிருந்தால், அவரும் இதையேதான் சொல்லியிருப்பார்.

"என்னங்க, மூஞ்சி இப்படிப் போயிருச்சு? நான் சரியாத்தானே சொன்னேன்?"

"சரியாத்தான் சொன்னே" என்றார் மசூது.

விஷயத்தைக் கேட்டதும் ஹைருன் பீவியின் கையிலிருந்த கீரைக்கட்டு அப்படியே நின்றது.  பிறகு, "அப்ப விசாவுக்குச் சரின்னு சொல்லணுமா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியில் கிண்டல் துளியும் இல்லை. அதுதான் மசூதை என்னவோ செய்தது.

அவர் போனை எடுத்து சுந்தரபாண்டியனுக்கு அடித்தார். எடுத்தவர் குரலில் பழைய ஸ்டேஷன் வாடை இருந்தது.

"பாய், முப்பது வருசம் டிப்பார்ட்மென்ட்ல இருந்தவன்கிட்டயே போலிக் கார்டு குடுத்திருக்கீரு. நல்ல தைரியம்தான்."

"சார், அது போலி இல்ல. நான்தான் அது."

"உம்ம தெருவுல ஒரு ஆளு உம்மத் தெரியும்னு சொல்லல. படத்த எவனும் அடையாளம் காட்டல. உம்ம வீட்டுலயே நீரு ஷார்ஜாவுல இருக்கதா வாக்குமூலம். தாணுமாலயன் சாட்சி செல்லாது, கார்டு அடிச்சதே அவருதானே. நான் ஆலங்குளத்துல ஒரு ஆளப் பாத்து வச்சிருக்கேன், அவருகிட்டயே குடுத்துருதேன். போன வைக்கட்டா?"

"சார், ஒரு நிமிசம்."

கதவோரம் ஜுஹைனா நின்றுகொண்டிருந்தாள். ஹைருன் பீவி கீரையைக் கையில் வைத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். மசூது அவர்களுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அந்தப் பேரை ஊரே சொல்லியிருக்கிறது. அவர் வாயால் அவர் சொன்னது கிடையாது.

"நாளைக்கு ஒரே ஒரு தடவ வாங்க சார். கார்டக் காட்டாண்டாம். குளிக்காத மசூது வீடு எதுன்னு கேளுங்க."

 "என்ன மசூது?"

"குளிக்காத மசூது சார்."

"இன்னொரு தடவ சொல்லும்." அவர் கேட்ட விதத்தைப் பார்த்தால், காது கேட்காமல் கேட்ட மாதிரித் தெரியவில்லை.

மறுநாள் மசூது கார்ப்பரேட் அலுவலகத்தில், அதாவது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், கோழிக் கூட்டுக்கு மறைவாக நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். புல்லட் வந்து டீக்கடை முன்னால் நின்றது. சுடலைராஜின் முகம் இறுகியது. சுந்தரபாண்டியன் குனிந்து ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

அதன்பின் நடந்ததை மேலேயிருந்து பார்க்க ஒரு கல்யாண ஊர்வலம் போல இருந்தது. கொதிக்கிற பாலை அப்படியே விட்டுவிட்டு சுடலைராஜ் முன்னால் நடந்தார். "முதல்லயே அப்படிக் கேக்கக் கூடாதா சார்? குளிக்காதவருன்னா நம்ம ஆளுல்லா." டிராக்டர் மசூது சேர்ந்துகொண்டார், நேற்று ஊருக்குப் புதுசாக இருந்தவர், இன்றைக்கு மசூதின் மூன்று தலைமுறையைச் சொல்லிக்கொண்டு வந்தார். வக்கீல் மசூது தன் பேரைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தார். ஐந்தருவிக் கதை தெரு நடுவில் உரத்த குரலில் தொடங்கியது. பலகை, எண்ணெய், கட்டைவிரல், கம்பி. ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் எடுத்துக் கொடுத்தார். பஸ் சீட்டுக்கு வந்தபோது கூட்டம் வீட்டு வாசலுக்கு வந்திருந்தது. சுந்தரபாண்டியன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆபரேசன் ஆன கண்ணால் அழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சிரிப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம்.

மசூது கீழே இறங்கி வந்தார். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"பாய், நிசமாவே கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னீரா?"

"ஆமா சார்."

"ஏன்?"

"குளுருச்சு சார்."

"அதனாலதான் வெந்நீர்த் தொழிலுக்குப் போனீரா?"

இதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. அவரும் கேட்டுக்கொண்டதில்லை. "அங்க போனதும் வெளிய வெயில்ல ஒரு வேல, பாய்லர் ரூம்ல ஒரு வேல, எது வேணும்னு கேட்டாங்க. பாய்லர்னு சொன்னேன். வெந்நீர் எப்பவும் இருக்கும்லா சார்."

சுந்தரபாண்டியன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, கோர்ட்டில் சாட்சி சொல்கிற குரலில் சொன்னார்: "நான் எத்தனையோ கேஸ் பாத்திருக்கேன். காரணம் தெரிஞ்சா ஆளு தெரியும். குளுருக்குப் பயந்து ஊரெல்லாம் கேலி பண்ணியும் குளிக்காம வந்த மனுசன், அடுத்தவன் தலையில பச்சத்தண்ணிய ஊத்த மாட்டான். இந்தக் கார்டுல இருக்க கோட்டுக்காரன எனக்குத் தெரியாது. இவரத் தெரியும்."

வேலை மசூதுக்குக் கிடைத்தது. மச்சான் ஹுஸைஃபாவிடம் ஹைருன் பீவியே பேசினார். "இல்லப்பா, அவரு வரல. சி.இ.ஓ. வேலையா? அதெல்லாம் விட்டுட்டாரு. இப்பத் தொழில் பண்ணுதாரு."

ஆயிரத்தில் மிச்சம் கிடந்த கார்டுகளை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. புதிதாக அடித்துவிடலாம் என்றார் தாணுமாலயன். அவர் வேறு என்ன சொல்வார். மசூது ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு ரப்பர் ஸ்டாம்ப் மட்டும் செய்து வாங்கினார். ஜுஹைனா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொரு கார்டின் பின்பக்கத்திலும் உலக உருண்டையின் மேலே ஊதா மையில் குத்தினாள்: குளிக்காத மசூது. வெந்நீர்.

"கோணலா விழுதே வாப்பா."

"விழட்டும். யாரும் முன்பக்கத்தப் பாக்காம இருந்தாச் சரி."

லாட்ஜ் மாடிகளிலும் மானேஜர் மேசைகளிலும் கார்டுகள் பின்பக்கம் தெரிகிற மாதிரி ஒட்டப்பட்டன. போன் வர ஆரம்பித்தது. "குளிக்காதவரா பேசுதது?" என்று கேட்பார்கள். "ஆமா, சொல்லுங்க" என்பார் மசூது.

மேலகரம் லாட்ஜ் திறப்பு விழாவுக்குத் தொழில் வட்டமே வந்திருந்தது. ரிப்பன் வெட்டி, பால் காய்ச்சி முடிந்ததும், சுந்தரபாண்டியன் எல்லோரையும் முதல் அறைக்குக் கூட்டிப் போனார். குளியலறைக் குழாயைத் திருகினார். வெளியே சாரல், உள்ளே கண்ணாடி தெரியாத அளவுக்கு ஆவி. அவர் ஒரு புதுத் துண்டை எடுத்து மசூதின் தோளில் போட்டார்.

"பாய், முதல் குளியல் உம்மளுது. இன்னையோட அந்தப் பேரையும் கழுவிருவோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். இன்சூரன்ஸ் ஏஜென்ட் போனில் படம் எடுக்கத் தயாரானார். மசூது ஆவியைப் பார்த்தார். நல்ல சூடு, அவர் கணக்குப் பார்த்து வைத்த சூடு. கூச்சத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்விடலாம் போலத்தான் இருந்தது. துண்டை எடுத்து மடித்து அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தார்.

"சார், நான் குளிச்சேன்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் எங்கிட்ட வெந்நீர் கேப்பான்?"

அதுவும் நியாயம்தான் என்று பட்டது. இன்சூரன்ஸ் ஏஜென்டைப் பிடித்து உள்ளே தள்ளினார்கள். பிரியாணி சாப்பிட்டுவிட்டு, எதிர்ப்பட்ட இரண்டு லாட்ஜ்காரர்களுக்குக் கார்டைப் பின்பக்கமாகவே நீட்டிவிட்டு, மசூது சாரலில் நனைந்தபடி வீட்டுக்கு வந்தார். தெருக் கதவைச் சாத்தினார். குளியலறைக் கதவையும் தாழ்ப்போட்டார். பிறகு, வெளியே யாருக்கும் கேட்காத மாதிரி குழாயை மெல்லத் திருகி, சத்தமில்லாமல் குளித்தார்.